கிரிக் என்றால் கிராக்: கரீபியன் கதைகளைப் பிள்ளைகளுக்கு மேடையேற்றும் வழி

கரீபியன் நாட்டார் கதைகளைப் பிள்ளைகளுக்கு நாடகமாக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது உடையையும் ஒப்பனையையும் பற்றித்தான். தோலைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புப் பந்தாய்ப் பறக்கும் சூக்கூயாக் கிழவியை எப்படிக் காட்டுவது, டுவென் என்னும் காட்டுப் பிள்ளைப் பேயின் பாதத்தை எப்படிப் பின்பக்கம் திருப்புவது என்று. அதெல்லாம் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வாய்மூடிப் பார்க்கும் நாடகமா, பதில் கொடுத்துக்கொண்டே பார்க்கும் நாடகமா? இந்தக் கதைகளுக்கு இரண்டாவதுதான் சரி. முற்றத்தில், நிலா வெளிச்சத்தில், சாவு வீட்டில் இரவெல்லாம் கண் விழித்திருக்கும்போது சொல்லிச் சொல்லி வளர்ந்தவை இவை. பாதிக் கதை எப்போதும் கேட்கிறவர்களின் தொண்டையில்தான் இருந்திருக்கிறது.

நான் டிரினிடாட்டின் தெற்கே, சான் பெர்னாண்டோவைச் சுற்றியுள்ள ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சின்னக் குழுவோடு நாடகம் போடுகிறவள். கல்யாணமாகி இங்கே வந்தவள். டுவென், சூக்கூயா எல்லாம் எனக்கு என் மாமியார் வாயால் அறிமுகமானவர்கள். இரவு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால் வாசற்படியைப் பின்னோக்கி நடந்து தாண்டச் சொல்வார், கூட வந்தது எதுவோ அது வெளியிலேயே நின்றுவிடும் என்று. நம்புகிறாரா என்று கேட்டால் சிரிப்பார். நாடகத்தில் யாராவது இரவில் வீடு திரும்பும் காட்சி இருந்தால், அந்த நடிகர் பின்னோக்கித்தான் உள்ளே வருவார். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அரங்கில் பாதிப் பிள்ளைகளுக்கு அது தங்கள் பாட்டி செய்வது.

முதல் வேலை: கூட்டத்தைப் பழக்குவது

டிரினிடாட்டில் கதை சொல்கிறவர் “கிரிக்” என்பார், கூட்டம் “கிராக்” என்று திருப்பிக் கொடுக்கும். ஹைட்டியிலும் இந்த வழக்கம் உண்டு. செயின்ட் லூசியாவில் “டிம் டிம்” என்று கேட்டால் “ப்வா செஷ்” என்று பதில் வரும். நீங்கள் எந்தத் தீவின் கதையை எடுக்கிறீர்களோ அந்தத் தீவின் அழைப்பையே எடுங்கள். ஜமைக்காக் கதைக்கு டிரினிடாட் தொடக்கம் ஒட்டாது.

நாடகம் தொடங்குமுன் கதைசொல்லி தனியாக வந்து இதைப் பழக்க வேண்டும். முதலில் சாதாரணமாக, அப்புறம் கிசுகிசுத்து, அப்புறம் கூரை அதிர. இதை வெறும் விளையாட்டு என்று நினைத்துச் சுருக்கிவிடாதீர்கள். அடுத்த நாற்பது நிமிடத்துக்கு இதுதான் உங்கள் கடிவாளம். கூட்டம் கட்டுக்கடங்காமல் கூச்சல் போட்டால் கதைசொல்லி மெல்ல “கிரிக்” என்றால் போதும். முந்நூறு பிள்ளைகளும் ஒரே குரலில் “கிராக்” என்பார்கள், அதற்கு அடுத்த நொடி அமைதியாக இருக்கும். அந்த நொடியில் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட வேண்டும். சின்னவர்கள் பயந்துபோய்ப் பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தாலும் இதே மருந்துதான். குரல் கொடுத்தவுடன் பயம் பாதி இறங்கிவிடும்.

கதைசொல்லி பாத்திரங்களோடு பேசலாம், அவர்களைக் கிண்டல் செய்யலாம், கூட்டத்தின் பக்கம் சாயலாம். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலைதான். குழுவில் யாருக்கு நாக்கு வேகமோ அவரை இதற்குப் போடுங்கள். அழகான முகம் உள்ளவரை வேறு எதற்காவது போட்டுக்கொள்ளலாம்.

கவிஞரும் நாடகாசிரியருமான டெரிக் வால்காட் செயின்ட் லூசியாவின் நாட்டார் கதையை வைத்து ‘டி-ஜானும் அவன் சகோதரர்களும்’ நாடகத்தை எழுதியபோது (1958) கதையை ஒரு தவளையின் வாயில் கொடுத்தார். சில்வண்டும் மின்மினியும் பறவையும் உட்கார்ந்து கேட்கின்றன. கேட்கிற கூட்டத்தையே மேடைக்குள் கொண்டுவந்துவிட்டார். கோபப்பட்டவன் தோற்றான் என்று மூன்று சகோதரர்களுக்கும் சாத்தானோடு பந்தயம். அந்தச் சாத்தான் கரும்புத் தோட்டத்து வெள்ளை முதலாளியாகவும் வருகிறான். மூத்தவனின் பெயரை வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக் கோபமூட்டுகிறான். அடிமை முறையைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று திணறுகிறவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

எந்த வயதுக்கு எந்தக் கதை

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அனான்சியைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. இன்றைய கானாவில் வாழும் அக்கான் மக்களின் சிலந்தி அவன். அடிமைக் கப்பல்களில் வந்தவர்களின் நினைவில் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டினான். ஜமைக்காவில் அனான்சி, குராசாவில் நான்சி. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, அதை வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேற முடியாமல் தவிக்கிறானே, அந்தக் கதையில் தொடங்குங்கள். “முதுகில் கட்டிக்கொண்டால் ஏறலாமே” என்று கீழே நிற்கும் பையன் சொல்வதற்கு முன்பே முன்வரிசை சொல்லிவிடும். சொல்லவிடுங்கள். மேடையில் இருக்கும் பையன் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கடைசியாகத்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் பெரியவர்களுக்கு, அனான்சி பாம்பைக் கட்டிய கதை. காட்டுக் கதைகளெல்லாம் புலியின் பெயரில் இருக்கின்றன. அவை தன் பெயரில் இருக்க வேண்டும் என்று அனான்சிக்கு ஆசை. பாம்பை உயிரோடு கட்டிக் கொண்டுவா, தருகிறேன் என்கிறது புலி. “நீ மூங்கிலைவிட நீளமா, பார்க்கலாமா?” என்று பாம்பைச் சீண்டி மூங்கிலோடு படுக்கவைத்து, நழுவாமல் இருக்கத்தான் என்று வாலைக் கட்டி, இடுப்பைக் கட்டி, கடைசியில் தலையையும் கட்டிவிடுகிறான். பாம்புக்கு நீளமான துணிக்குழாய் தைத்து, தலைக்குள் ஒரு நடிகரும் வாலுக்குள் ஒரு நடிகரும் நுழைந்தால் போதும். இருவரும் எதிரெதிராக இழுத்து நீளும்போது கூட்டம் “இன்னும், இன்னும்” என்று கத்தும். அனான்சியின் சூழ்ச்சியில் பிள்ளைகளும் கூட்டாளிகள். நாடகத்தின் சுவை முழுக்க அங்கேதான்.

அதனால் அனான்சியைத் திருத்தாதீர்கள். சில ஆசிரியர்கள் கடைசியில் “பொய் சொல்லக் கூடாது” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். தோட்டத்தில் சாட்டைக்குக் கீழே நின்றவர்களிடம் வேறு எந்த ஆயுதமும் இல்லாதபோது கைகொடுத்த நாக்கு அவனுடையது. அதைப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமா? ஜமைக்காவில் கதையை முடிக்கும்போது “ஜாக் மண்டோரா, மீ நோ சூஸ் நன்” என்பார்கள். இதில் நடந்த அயோக்கியத்தனத்துக்கு நான் பொறுப்பில்லை என்று கதைசொல்லி கைகழுவும் வரி. அறிவுரை கேட்கிற ஆசிரியருக்கு நான் அந்த வரியைத்தான் தருகிறேன்.

அனான்சிக்கு எட்டுக் கால் வைக்க வேண்டாம். கதைகளில் அவன் பாதி நேரம் மனிதன். முட்டியை மடக்கித் தாழ்ந்து நடப்பதும், விரல்நுனிகள் சும்மா இருக்காததும் போதும். ஜமைக்கக் கதைசொல்லிகள் அவனுக்கு மழலை நாக்கு வைத்துப் பேசுவார்கள். நான் அதைச் செய்வதில்லை. அப்படிப் பேசுகிற ஒரு பிள்ளை எல்லா அரங்கிலும் உட்கார்ந்திருக்கும்.

டுவென், பாப்பா ப்வா எல்லாம் ஏழு வயதுக்கு மேல். சூக்கூயாவும் லா ஜாப்லெஸும் ஒன்பது, பத்து வயதுக்கு மேல். இவர்கள் யார் என்று அடுத்துச் சொல்கிறேன்.

உடலில் ஒரே ஒரு கோணல்

டிரினிடாட் உருவங்களைக் கவனித்துப் பாருங்கள். லா ஜாப்லெஸ் அழகான பெண், அகலத் தொப்பி, நீளப் பாவாடை. ஆனால் ஒரு கால் மாட்டுக் குளம்பு. பாப்பா ப்வா காட்டைக் காக்கும் கிழவர், தாடியில் இலைகள். அவருக்கும் குளம்பு. டுவெனுக்குப் பாதம் பின்பக்கம், முகமே கிடையாது. ஜமைக்காவின் கன்றுப் பேயான ரோலிங் காஃப் இழுத்துக்கொண்டு வருவது சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல்தான். உடைக்கான நேரத்தையும் காசையும் அந்த ஒன்றில் போடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அந்த ஒன்றையும் தாமதமாகக் காட்டுங்கள்.

லா ஜாப்லெஸுக்கு நான் குளம்பே செய்வதில்லை. பாவாடை தரையைத் தொடும். அவள் இடது கால் வைக்கும்போது மட்டும் மேடைக்கு வெளியே ஒருவர் காய்ந்த தேங்காய்ச் சிரட்டையால் பலகையைத் தட்டுவார். வலது காலுக்குச் சத்தம் கிடையாது. நடந்து வருகிறாள்: டக்... டக்... கதாநாயகன் அவள் கண்ணைப் பார்த்து மயங்கி நிற்கிறான். பிள்ளைகள் அவள் காலைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். யாரோ ஒருவன் எழுந்து “காலைப் பாரு!” என்று கத்துவான். அதற்குப் பிறகு நாடகத்தை அவர்களே இழுத்துப் போவார்கள். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் அவளிடமிருந்து தப்பலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஊரில் போடுவதானால் கதைசொல்லி முன்பே போகிற போக்கில் சொல்லிவைக்க வேண்டும்.

டுவென் பாதத்துக்கு: நடிகர் கால்களில் கறுப்புக் காலுறை. பழைய துணிக் காலணிகளுக்குள் பஞ்சு அடைத்து, நுனி பின்பக்கம் பார்க்கும்படி குதிகாலோடு சேர்த்துக் கட்டுங்கள். தரையில் உரசாமல் ஒரு விரல் உயரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் தடுக்கும். முகத்துக்கு அகலமான வைக்கோல் தொப்பி, உள்ளே கறுப்பு வலை. நடிகருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு முகம் தெரியாது. மேடை விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டிவிடுங்கள்.

டுவென்கள் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் என்பது கதை. சின்னப் பிள்ளைகளிடம் நான் அதைச் சொல்வதில்லை, காட்டில் வாழும் பிள்ளைகள் என்று மட்டும் சொல்கிறேன். தம்பியையோ தங்கையையோ இழந்த பிள்ளை அரங்கில் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்தி நேரத்தில் பிள்ளையின் பெயரை வெளியே உரக்கக் கூப்பிடாதே, டுவென் கேட்டுக்கொண்டு அதே குரலில் அழைக்கும் என்பார்கள். மேடையில் டுவென் பெயர் சொல்லி அழைக்கும் இடம் அற்புதமாக இருக்கும். ஆனால் அரங்கில் இருக்கிற பிள்ளையின் பெயராக அது இருக்கக் கூடாது. எனவே முன்கூட்டியே ஆசிரியரிடம் வருகைப் பட்டியல் வாங்கி, அதில் இல்லாத பெயரை எடுங்கள்.

பாப்பா ப்வாவைப் பார்த்தால் மரியாதையாக “போன் ஜூர், வியூ பாப்பா” என்று சொல்ல வேண்டும், அவர் காலை உற்றுப் பார்க்கக் கூடாது. மேடைக்கு இதைவிட நல்ல விதி கிடைக்குமா? முந்நூறு பிள்ளைகள் வணக்கம் சொல்லிவிட்டுக் காலைப் பார்க்காமல் இருக்கப் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். சணல் சாக்கு அங்கி, காய்ந்த இலைத்தாடி, ஒரு மாட்டுக் கொம்பு. வேறெதுவும் வேண்டாம். அவரை உயரமாகக் காட்ட, திருவிழாவில் உயரக் கட்டைக்காலில் ஆடும் மோக்கோ ஜம்பியின் கட்டைக்கால் கேட்பார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே கோக்கொரிட்டில் சின்னப் பிள்ளைகளுக்கே அதைக் கற்றுத்தருகிறார்கள். அப்படிப் பழகியவர் கிடைத்தால் அழைத்து வாருங்கள். ஒரு வார ஒத்திகையில் யாரையும் ஏற்றிவிடாதீர்கள்.

சூக்கூயாக் காட்சி

எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஊர் ஓரத்தில் தனியாக இருக்கும் கிழவி. இரவில் தோலைக் கழற்றி உரலுக்குள் ஒளித்துவைத்துவிட்டு நெருப்புப் பந்தாகப் பறந்து இரத்தம் குடிக்கப் போவாள். வாசலில் அரிசியைக் கொட்டிவைத்தால் ஒவ்வொன்றாக எண்ணித் தீர்த்த பிறகுதான் உள்ளே வர முடியும். உரலில் இருக்கும் தோலில் உப்பும் மிளகாயும் தடவிவிட்டால் திரும்பப் போட முடியாது.

தோலுக்கு: பழைய நைலான் துணியில் தொளதொளவென்று ஒரு முழு அங்கி, முதுகில் நீளமாக வெல்க்ரோ. நடிகை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க, வெல்க்ரோ தானாகக் கிழிவது போல மெதுவாகப் பிரிய வேண்டும். அந்தச் சத்தம் ஒன்றே போதும், முதுகு சில்லிடும். வேறு இசை வேண்டாம். உள்ளே சிவப்பு உடை. நெருப்புக்கு டார்ச் விளக்கு யோசனை எல்லோருக்கும் வரும். பள்ளி நாடகம் காலை பத்து மணிக்கு, ஜன்னலெல்லாம் திறந்த அரங்கில் நடக்கும். இருட்டாக்கவே முடியாது, டார்ச் எடுபடாது. சிவப்பு, ஆரஞ்சுத் துணிப்பட்டைகளை வளையும் மூங்கில் நுனியில் கட்டி, பிள்ளைகளின் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடுங்கள். உண்மையான நெருப்பு எந்தக் காரணத்துக்கும் கூடாது.

அரிசியைத் தரையில் கொட்டாதீர்கள், நடிகர் வழுக்கி விழுவார். தகர டின்னுக்குள் அரிசியைச் சரித்துச் சத்தம் மட்டும் எழுப்புங்கள். அவள் குனிந்து எண்ணத் தொடங்குவாள்: ஒன்று, இரண்டு, மூன்று. கதைசொல்லி கூட்டத்தைப் பார்த்துக் கண்சிமிட்டினால் பிள்ளைகள் குறுக்கே தப்புத் தப்பாக எண் சொல்லிக் குழப்புவார்கள். “பதினேழு! நாற்பது! ஆறு!” அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். இதை மூன்று முறைக்கு மேல் இழுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். சேவல் கூவ வேண்டும். அவள் ஓடிப்போய்த் தோலை எடுத்துப் போட, எரிச்சலில் துள்ளி, “தோலே, தோலே, என்னைத் தெரியலையா?” என்று அதனிடமே கெஞ்சுவாள். பழைய கதையில் இந்த வரி அப்படியே உண்டு. நடிகைக்கு வரம் மாதிரியான வரி இது. கதையில் அவளுக்கு நேரும் முடிவு கொடூரமானது. பத்து வயதுக்காரர்களுக்கு அவள் தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தனியாக இருக்கும் கிழவி என்றாலே சூக்கூயா என்று ஊர் சொல்லிவிடும். மாமியாரின் சிறுவயதில் அப்படி ஒரு பாட்டியின் வீட்டுக் கூரையில் பிள்ளைகள் கல்லெறிவார்களாம். அதனால் எங்கள் நாடகத்தில் இரண்டு கிழவிகள் வருவார்கள். ஊர் சந்தேகப்படுகிறவள் ஒருத்தி, உண்மையான சூக்கூயா இன்னொருத்தி. அரிசித் தந்திரத்தைச் சொல்லிக்கொடுப்பது அந்த முதல் பாட்டிதான்.

தாளமும் மழையும்

ஒலிப்பதிவு வேண்டாம், கையால் தட்டுங்கள். டிரினிடாட்டில் 1880களில் ஆங்கிலேய அரசு திருவிழா மேளங்களை ஒடுக்கியபோது மக்கள் மூங்கிலை எடுத்தார்கள். அதுதான் டாம்பு பாம்பு. தடித்த நீளக் குழாய் ‘பூம்’, தரையில் குத்தினால் அடித்தொண்டைச் சத்தம். நடுத்தர ‘ஃபூலே’ இரண்டை நுனியோடு நுனி மோத வேண்டும். மெல்லிய ‘கட்டர்’ தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டுவது. கூடவே பாட்டிலும் ஸ்பூனும். நன்றாகக் காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும், பச்சை மூங்கில் மொத்தென்று இருக்கும். எங்கள் பக்கம் தாசா மேளக்காரப் பையன்களும் தாராளமாகக் கிடைப்பார்கள். 1845 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த இந்தியர்களின் வழியில் வந்த மேளம் அது. சேவல் கூவிய பிறகு தாசா அடித்தால் கூட்டம் எழுந்து ஆடும். அதற்கு முன் அடித்தால் வசனம் ஒன்றும் கேட்காது.

மழைக்காலம் ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை போகும். தகரக் கூரையில் மழை கொட்டினால் எந்தக் குரலும் எடுபடாது. ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு மழைப் பாட்டை முன்பே தயாராக வைத்திருங்கள். சத்தம் தொடங்கியவுடன் வசனத்தை விட்டு, எல்லோரும் தாளம் பிடித்து, கூட்டத்தையும் கைதட்டவைத்து, மழை தணியும் வரை கதையை உடலால் நடத்த வேண்டும். இதையும் ஒத்திகை பாருங்கள்.

பேச்சு, நம்பிக்கை

வசனம் தீவின் பேச்சு மொழியிலேயே இருக்கட்டும். “நல்ல ஆங்கிலத்தில் பேசவையுங்கள்” என்று கேட்கிற தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜமைக்காவின் கவிஞர் மிஸ் லூ, அதாவது லூயிஸ் பென்னெட், 1970 முதல் 1982 வரை தொலைக்காட்சியில் ‘ரிங் டிங்’ என்ற பிள்ளைகள் நிகழ்ச்சியை நடத்தியபோது பிள்ளைகளோடு வீட்டுப் பேச்சில்தான் பேசினார். கிங்ஸ்டனில் டிசம்பர் 26 அன்று தொடங்கும் பான்டோமைம், அதாவது பாட்டும் சிரிப்பும் கலந்த நாடகம், 1941 இல் ஆங்கிலத் தேவதைக் கதையோடுதான் ஆரம்பித்தது. பத்து ஆண்டு ஆவதற்குள் அனான்சி அந்த மேடையில் ஏறிவிட்டான். இதையெல்லாம் சொன்னால் தலைமையாசிரியர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

ஒரிஷா, வூடூ இரண்டும் இந்தத் தீவுகளில் மக்கள் கும்பிடும் வழி. அவற்றின் கொடி, மெழுகுவத்தி, பூசைப் பாத்திரம் எதையும் பயமுறுத்தும் பொருளாக மேடையில் வைக்காதீர்கள். பேய்க்கதையே வேண்டாம் என்கிற தேவாலயக் குடும்பங்களும் உண்டு. பள்ளிக்கு ஒரு வாரம் முன்னதாகவே கதைச் சுருக்கத்தை அனுப்பிவிடுங்கள். மறுப்பவர்களின் பிள்ளைகளுக்கு அனான்சியை மட்டும் தனியாகப் போட்டுக்காட்ட ஒரு மணி நேரம் கேளுங்கள்.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் ஒப்பனை அறைக்குள் ஓடிவிடக் கூடாது. டுவென்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கட்டும், சின்னவர்கள் அந்தக் காலணியைத் தொட்டுப் பார்க்கட்டும், வெல்க்ரோவைக் கிழித்துப் பார்க்கட்டும். யாராவது ஒரு பிள்ளை வந்து “எங்க பாட்டி வேற மாதிரி சொல்வாங்க” என்று தொடங்கும். உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள், முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அடுத்த நாடகங்களில் பாதி அப்படி வந்தவைதான்.